வீடு மாறுவதற்கும் ஒரு நோட்டு வேண்டும்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பத் தொடங்கிவிடும். வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று ஆலங்குடி வட்டாரத்து ஊர்களில் ஒரு பக்கம் கறிச்சோறு பரிமாறுவார்கள். இன்னொரு பக்கம் மேசை நாற்காலி போட்டு மொய் எழுதுவார்கள். கொடுத்தவர் பெயர், ஊர், பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவு என்று எல்லாம் நோட்டில் ஏறும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒருவர் விருந்து வைக்கலாம் என்பது அங்கே நடைமுறை. அதற்குள் வாங்கியதையெல்லாம் உரியவர்களுக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். 2019ஆம் ஆண்டில் வடகாட்டில் ஒரே விருந்தில் நான்கு கோடி ரூபாய் வசூலானது தமிழ்நாடு முழுக்கச் செய்தியானது. பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. நோட்டும் நாணயமும்தான் அத்தனை பணத்தையும் தாங்கி நிற்கின்றன.

இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைக்கத் தெரிந்த மாவட்டத்தில், ஒரு குடும்பத்தின் கையிருப்பை ஒரே வாரத்தில் கரைத்துவிடும் இன்னொரு காரியத்துக்கு யாரும் நோட்டுப் போடுவதில்லை. வீடு மாறுவதுதான் அது. காது குத்துக்கு நோட்டு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. வாடகை வீட்டைக் காலி செய்து இன்னொரு வீட்டுக்குப் போகும் செலவு மட்டும் ‘ஆனது ஆச்சு’ என்று போய்விடுகிறது. அந்த மாதம் மளிகைக் கடையில் பாக்கி, அடுத்த மாதம் நகைக்கடன் வட்டி, அதற்கடுத்த மாதம் சீட்டுப் பணம் கட்ட முடியாத நிலை என்று அந்தச் செலவு வேறு வேறு பெயர்களில் திரும்பி வருகிறது. அதனால் இது வீடு மாறியதால் வந்த கடன் என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது.

இங்கே வீடு மாறுவதற்கென்று ஒரு பருவமே இருக்கிறது. ஆடியில் யாரும் மாறுவதில்லை, மார்கழியிலும் இல்லை. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். ஆசிரியர்களுக்கும் மற்ற அரசு ஊழியர்களுக்கும் இடமாறுதல் பெரும்பாலும் கோடையில் வரும். ஆகவே சித்திரை பாதியில் தொடங்கி ஆடி பிறப்பதற்குள், அதிலும் வைகாசியில், எல்லோரும் ஒரே நேரத்தில் சாமான் கட்டுகிறார்கள். அதே வைகாசியில் கல்யாண முகூர்த்தங்களும் வரிசை கட்டி நிற்கும். வண்டிக்காரரும் லோடு ஏற்றி இறக்குகிறவரும் அன்றைக்கு என்ன கேட்கிறார்களோ அதுதான் கூலி. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வருடத்தில் சில வாரங்கள்தான் அவர்களுக்கு அப்படி வருகின்றன.

நாள் பார்ப்பதை விடச் சொல்லவும் தேவையில்லை. நல்ல நாளும் நேரமும் பால் காய்ச்சுவதற்குப் பார்ப்பது. உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம், சாமி படம் ஆகியவற்றைக் கொண்டுபோய் அன்று காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் குடியேறியதாகவே வழக்கம் கொள்கிறது. மிச்சச் சாமானை இரண்டு நாள் கழித்து, முகூர்த்தம் இல்லாத ஒரு வேலைநாளில் ஏற்றினால் கூலி குறையும். வண்டியும் நிதானமாக வரும். பல குடும்பங்கள் இப்படிச் செய்கின்றன. இன்னும் பல குடும்பங்கள், பீரோவும் கட்டிலும்கூட அதே முகூர்த்தத்துக்குள் வாசல்படி தாண்ட வேண்டும் என்று நினைத்து அதிகப் பணம் கொடுக்கின்றன.

வண்டி என்றால் இங்கே குட்டி யானைதான். 2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்த பிறகு, டிராக்டரும் பெரிய லாரியும் செய்துவந்த வேலையைச் சந்து பொந்துகளில் அது எடுத்துக்கொண்டது. முக்கால் டன் அளவுக்கு ஏற்றும் வண்டி அது. பத்து வருடம் குடித்தனம் நடத்திய வீட்டுச் சாமான் அதில் ஒரே நடையில் அடங்குவது கடினம். வாடகை பேசும்போது எத்தனை நடை, எத்தனை ஆள், மாடி ஏற்றுவதற்குத் தனிக் கூலியா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளாதவர்களுக்குத்தான் புது வீட்டு வாசலில் நின்று பேரம் பேச நேர்கிறது. சாமானெல்லாம் வண்டியில் இருக்கும்போது பேரத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

பரணில் கிடப்பதும் செலவுதான். திருமயம், பொன்னமராவதி பக்கத்து நகரத்தார் ஊர்களில் கல்யாணச் சீர் சாமான்களை ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. எந்த அண்டா, எந்தக் குத்துவிளக்கு, எத்தனை டம்ளர் என்பது தாளில் இருக்கும். சாதாரணக் குடித்தனத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் இருந்தால், காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துவிடலாம். ஓடாத மிக்சி, உடைந்த நாற்காலி, பழைய செய்தித்தாள் கட்டு, பிள்ளைகள் படித்து முடித்த புத்தகம் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கும் பேப்பர் கடைக்கும் முன்கூட்டியே போனால் கையில் கொஞ்சம் காசு வரும், வண்டியில் ஒரு நடையும் குறையலாம். கடைசி நாளில் எடுத்துப் பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஏற்றுகிறார்கள். வாடகை கொடுத்து எடுத்துப் போன உடைசல், புது வீட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இவையெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

வாடகை குறைவு என்பதற்காக வீடு மாறுகிறவர்களின் கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். புதுக்கோட்டை நகருக்குள் மச்சுவாடியிலோ சாந்தநாதபுரத்திலோ மாதம் 7,000 ரூபாய் வாடகையில் இருக்கும் ஒரு குடும்பம், ஆறு கிலோமீட்டர் தள்ளி 5,500 ரூபாய்க்கு ஒரு வீடு பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 ரூபாய் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். கணவர் வேலைக்காகத் தினமும் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்து போக 12 கிலோமீட்டர். மாதம் 25 நாளுக்கு 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றாலும் ஆறு லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது 600 ரூபாய்க்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. மிச்சம் 900தான். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதால், அந்த வழியில் நகரப் பேருந்து ஓடினால் மனைவிக்கும் மகளுக்கும் புதுச் செலவு வராது. பேருந்து இல்லாத பக்கம் என்றால் அந்த 900லும் கை வைக்க வேண்டியிருக்கும்.

இனி ஒருமுறைச் செலவு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 5,500. பழைய வீட்டில் வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் பிடித்துக்கொண்ட ஒரு மாத வாடகை 7,000. வண்டிக்கும் கூலிக்கும் 4,000. குழாய் மாற்ற, மின்விசிறி மாட்ட, கொசுவலை அடிக்க, பால் காய்ச்சிய அன்று வந்தவர்களுக்குச் சாப்பாடு போட என்று 1,500. மொத்தம் 18,000 ரூபாய். மாதம் 900 வீதம் இதை மீட்க இருபது மாதம் ஆகும். ஆனால் ஊரில் பெரும்பாலும் போடப்படுவது பதினோரு மாத ஒப்பந்தம். அதற்குள் வாடகையை உயர்த்தினாலோ காலி செய்யச் சொன்னாலோ, வாடகை குறைந்த வீட்டுக்குப் போன குடும்பம் முன்பைவிட ஏழையாக அடுத்த வீடு தேடும். தொகைகள் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. மாத மிச்சத்தால் மொத்தச் செலவை வகுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

அந்த 18,000இல் பெரிய தொகை வெள்ளையடிப்புக்குப் போனது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் புதிய சட்டத்தைத் தமிழ்நாடு 2017இல் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கானாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதைத் தவிர்ப்பதற்காகவே பதினோரு மாதக் கணக்கு பிறந்தது. புதிய சட்டத்தில் அந்தக் குறுக்கு வழிக்கு வேலையில்லை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களை நிறுத்தி யாரையும் வெளியேற்றக் கூடாது.

பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதற்கு அந்தச் சட்டத்தில் ஓர் அட்டவணையே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய்ப் பாதை, மின் கம்பி வேலையும் அவருடையதே. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்சு பழுது பார்ப்பது, உடைந்த சன்னல் கண்ணாடி மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இப்படித் தெளிவாகச் சட்டம் இருக்கும்போது, ‘வெள்ளையடிக்க ஒரு மாதம் பிடிச்சுக்குவோம், அது ஊர் வழக்கம்’ என்ற ஒரே வாக்கியத்துக்குக் குடும்பங்கள் தலையாட்டிவிட்டு வருகின்றன. ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரை’ என்ற சொற்களை மறந்துவிடக் கூடாது. பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தில், அந்த ஒரு மாதப் பிடித்தம் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்த வரியைத் தேட வேண்டும். அடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி விட்டிருப்பார். கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அறந்தாங்கியில் ஒரு பெண் இரண்டு வீட்டு வாடகையைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பார். அட்வான்ஸ் பணத்தை வாங்கிய அன்றே வேறொரு கடனுக்குக் கட்டியிருப்பார்கள். காலி செய்யும்போது திருப்பித் தரக் கையில் பணம் இருக்காது. அடுத்த குடித்தனக்காரர் கொடுத்தால்தான் உண்டு. எழுத்தும் பதிவும் இருவருக்கும் பாதுகாப்பு என்று சொல்வது இதனால்தான். எப்போது காலி, எப்போது பணம் என்ற தேதி தாளில் இருந்தால் இரண்டு வீட்டிலும் ஏற்பாடு செய்துகொள்ள முடியும்.

தேதிதான் இங்கே உயிர்நாடி. புது வீட்டுக்கு அட்வான்ஸ் முதலில் கொடுக்க வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ் சாவியைக் கொடுத்த பிறகுதான் வரும். சட்டப்படியே ஒரு மாதம் வரை ஆகலாம். இந்த இடைவெளியில்தான் வளையலும் தோடும் அடகுக்குப் போகின்றன. ஒத்திக்குப் போகிறவர்களுக்கு இந்த இடைவெளி லட்சக் கணக்கில் வரும். செலவு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த நாளில் எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்றும் பார்க்க வேண்டும். சீட்டுப் போடுகிறவர்கள் அந்த மாதத்தில் எடுத்துக்கொள்ளும்படி முன்பே பேசலாம். புது வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைப் பாதியாக, இரண்டு தவணையில் தருவதாகக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கவே கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.

கரண்ட் பில்லில் நடக்கும் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு; 2016இலிருந்து முதல் நூறு யூனிட் இலவசம். இந்தச் சலுகை இணைப்புக்கு உரியது. ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் இருந்தால் நூறு யூனிட் ஒருமுறைதான் கழியும். இரு வீட்டுப் பயன்பாடும் சேர்ந்து மேல் அடுக்குக்குப் போய், யூனிட் விலையும் ஏறும். உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்கும் வீட்டில் இலவச யூனிட்டின் பலன் குடியிருப்பவருக்கு வந்து சேர்வதில்லை. வீடு பார்க்கப் போகும்போது ஹாலின் அகலத்தைப் பார்ப்பதற்கு முன்பு, தனி மீட்டர் இருக்கிறதா என்று பார்க்கலாம். குடியேறும் அன்றும் காலி செய்யும் அன்றும் மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் முந்தியவர் பாக்கி தலையில் விழாது. தண்ணீரும் அப்படித்தான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா, காவிரிக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால், கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

காகித வேலைகளில் பயப்படுவதற்கு அதிகம் இல்லை. 2020 அக்டோபர் முதல் குடும்ப அட்டையை வைத்து வேறு ரேஷன் கடையிலும் பொருள் வாங்க முடிகிறது; ஆனாலும் முகவரியை மாற்றிவிடுவது நல்லது. எரிவாயு இணைப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீதும் வைப்புத் தொகையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை வண்டியில் ஏற்றிப் போனால் கட்டிய பணமும் போகும், பயணமும் ஆபத்து. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 போதும், கட்டணம் இல்லை. பத்திரம், பட்டா, சான்றிதழ், நகை ஆகியவை குட்டி யானையில் போகக் கூடாது. வீட்டுப் பெரியவர் மடியில்தான் போக வேண்டும்.

சொந்த வீடு கட்டிக் குடிபோகிறவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குறைந்தது 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அரசு தருகிறது. பணம் கட்டுமான நிலையைப் பார்த்துத் தவணையாக வரும். பழைய குடிசையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கட்டுகிற குடும்பம் அத்தனை மாதமும் எங்கே தங்கும், அதற்கு என்ன செலவு என்பது எந்த மதிப்பீட்டிலும் இருப்பதில்லை. கட்டி முடிக்கும்போது ஏற்பட்ட பள்ளத்தைப் புதுமனை புகுவிழா மொய் நிரப்பிவிடும் என்று நம்புகிறார்கள். அன்று வரும் பணத்தை வரவாக நினைத்து டைல்ஸ் கடைப் பாக்கியையும் சமையல்காரர் பாக்கியையும் அடைத்துவிடுகிறார்கள். மொய் வரவு இல்லை; வட்டியில்லாக் கடன். இதை ஆலங்குடி வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விழாவுக்கு மறுநாளே மொய் நோட்டைப் பிரித்து, இந்த வருடம் யார் யார் வீட்டில் விசேஷம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மாதவாரியாக எழுதிவைத்தால், புது வீட்டின் முதல் ஆண்டு கடனில் கழியாது.

இந்தக் கணக்கையெல்லாம் யார் எழுதுவது? பெரும்பாலான வீடுகளில் வீடு பார்ப்பதும் அட்வான்ஸ் பேசுவதும் ஆண்கள். மாறிய பிறகு வரும் பற்றாக்குறையைச் சமாளிப்பது பெண்கள். 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக் கணக்கு வைத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் நாடே அதை அறிந்தது. அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் இன்று சுயஉதவிக் குழுவில் கணக்குப் புத்தகம் எழுதுகிறார்கள். ஒப்பந்தம் பேசும் நாற்காலியில் மட்டும் அவர்கள் இல்லை. தண்ணீர் எத்தனை குடம் வேண்டும், அடுப்படியில் பரண் இருக்கிறதா, பள்ளிக்கூட வேன் தெருவுக்குள் வருமா என்று கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் இல்லாமல் கொடுக்கப்படும் அட்வான்ஸ் பாதிக் கணக்கில் கொடுக்கப்படுவது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சி ஆனது. 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, பிறகு பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. வெளியூரிலிருந்து வந்து வாடகைக்குத் தங்குகிறவர்கள் பெருகும் ஊரில், வாடகைச் சட்டம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது என்பது நிர்வாகத்தின் குறை. புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என்ற மூன்று வருவாய்க் கோட்டங்களிலும் வாடகை அதிகாரி யார், எங்கே உட்காருகிறார், எப்படிப் பதிவது என்று தமிழில் ஒரு பலகை வைப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. எளிய தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் எல்லா இ-சேவை மையங்களிலும் கிடைக்கட்டும். அதில் வெள்ளையடிப்பு யார் பொறுப்பு, அட்வான்ஸ் எந்தத் தேதிக்குள் திரும்பும், மின்கட்டணம் எப்படி என்ற மூன்று வரிகள் அச்சிலேயே இருக்கட்டும். வைகாசிக்கு முன்பு, சித்திரையிலேயே தாலுகா அலுவலகங்களில் ஒரு நாள் முகாம் நடத்தினால், அந்த ஆண்டு வீடு மாறும் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் மிச்சமாகும்.

அடுத்த பருவத்தில் வீடு மாற நினைப்பவர்கள் இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் நான்கு எண்களை எழுதுங்கள்: பழைய அட்வான்ஸ், அது திரும்பும் தேதி, புது அட்வான்ஸ், அதைக் கொடுக்க வேண்டிய தேதி. இந்த நான்கும் பொருந்திய பிறகு குட்டி யானைக்குச் சொல்லுங்கள்.